களிமண்ணில் வெள்ளி நானோ துகள்களை வளர்ப்பது குறித்து

வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஓர் ஒடுக்கியை, அதாவது வெள்ளி அயனிக்கு எலெக்ட்ரான் கொடுத்து அதை உலோகமாக்கும் பொருளை, சேர்த்து மஞ்சள் நிற வெள்ளி நானோ துகள்களைப் பெறுவதை முதுநிலை வேதியியல் மாணவர்கள் ஒரே பிற்பகலில் செய்து முடித்துவிடுகிறார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. குப்பியில் வைத்த துகள்கள் நாளடைவில் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகின்றன. மஞ்சள் மெல்லச் சாம்பல் நிறமாகிறது. அடியில் கரும்படிவு தங்குகிறது. சிறிதளவு உப்பு கலந்துவிட்டால் இத்தனையும் சில நிமிடங்களிலேயே நடந்துவிடும். 10 நானோமீட்டர் விட்டமுள்ள வெள்ளித் துகள்கள் ஒரு கிராம் இருந்தால் அவற்றின் மொத்த மேற்பரப்பு ஏறத்தாழ 57 சதுர மீட்டர். அதே ஒரு கிராம் 1 மைக்ரோமீட்டர் துகள்களாகத் திரண்டுவிட்டால் அது அரை சதுர மீட்டரைச் சற்றே தாண்டும். வெள்ளியை நாம் நாடுவது பாக்டீரியாவைக் கொல்லும் அதன் திறனுக்காக. அந்தத் திறன் மேற்பரப்பில்தான் இருக்கிறது என்பதால், துகள்களைத் திரளவிடாமல் ஏதேனும் ஒரு தாங்கியில் பிடித்து வைக்க வேண்டியிருக்கிறது. பாலிமர், சிலிக்கா, கரி என்று தாங்கிகள் பல உண்டு. நான் நெடுங்காலமாக வேலை செய்துவருவது களிமண்ணோடு. களிமண் இந்தக் கலவையில் வெள்ளியைச் சுமக்கும் பலகையாக மட்டும் இருப்பதில்லை. வெள்ளி எப்போது, எவ்வளவு வெளியேற வேண்டும் என்பதைப் பாதிக்கு மேல் தீர்மானிப்பதும் அதுவே. தயாரிப்பின் ஒவ்வொரு படியையும் அந்தக் கோணத்திலிருந்து பார்த்தால்தான் அதன் தேவை விளங்கும் என்பது என் உறுதியான கருத்து.

வெள்ளி நுண்ணுயிர்களைக் கொல்லும் என்பது, நானோ என்ற பேச்சு எழுவதற்கு வெகுகாலம் முன்பே மருத்துவர்கள் அறிந்த செய்தி. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மகப்பேறு மருத்துவராக இருந்த கார்ல் கிரேடே, 1880-களின் தொடக்கத்தில் பிறந்த குழந்தைகளின் கண்களில் நீர்த்த வெள்ளி நைட்ரேட் சொட்டு விடும் முறையைக் கொண்டுவந்து, பார்வையைப் பறித்துவந்த ஒரு கண் தொற்றைப் பெருமளவு குறைத்தார். மிகச் சிறிய அளவு உலோகமே நுண்ணுயிர்களை அழிக்கப் போதும் என்பதைச் சுவிட்சர்லாந்தின் தாவரவியலாளர் கார்ல் நேகேலி விவரித்த ஆய்வு, அவர் மறைவுக்குப் பின் 1893-இல் வெளிவந்தது. தீப்புண்ணுக்குத் தடவும் சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு 1960-களின் இறுதியில் வந்தது. இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது. இவை அனைத்திலும் வேலை செய்வது ஒன்றே: ஓர் எலெக்ட்ரானை இழந்த வெள்ளி அயனி. அது பாக்டீரியாவின் புரதங்களில் உள்ள கந்தகம் சார்ந்த தயால் தொகுதிகளைப் பற்றிக்கொண்டு, சுவாச நொதிகளை முடக்கி, செல் சவ்வைச் சிதைக்கிறது.

அப்படியானால் நானோ துகள் தானாக எதையும் செய்வதில்லையா என்ற கேள்வி பல ஆண்டுகள் சர்ச்சையாகவே இருந்தது. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான பதிலைத் தந்தது. ஆக்சிஜன் அறவே இல்லாத சூழலில், வெள்ளி அயனியாகக் கரைய வழியில்லாத நிலையில், அவர்கள் ஈ. கோலை பாக்டீரியாவை வெள்ளி நானோ துகள்களோடு சேர்த்து வைத்தார்கள். அயனி கொல்லும் அளவைவிடப் பல மடங்கு அதிகமான வெள்ளி துகளாக இருந்தபோதும் பாக்டீரியாவுக்குக் குறிப்பிடத்தக்க பாதிப்பு ஏற்படவில்லை. துகள் ஒரு கையிருப்பு. காற்றிலும் நீரிலும் உள்ள ஆக்சிஜன் அதன் மேற்பரப்பை மெல்ல ஆக்சிஜனேற்றம் செய்து அயனிகளை வெளியேற்றுகிறது. துகள் செல் சவ்வின் மீதே ஒட்டிக்கொண்டால் அயனி மிக அருகிலிருந்து கிடைக்கும் என்பது உண்மைதான், ஆனால் அடிப்படைக் கணக்கு மாறுவதில்லை. எனவே நல்ல பொருள் என்பது அயனியை அளவாக, நீண்ட காலம் விடும் பொருளாகும்.

இனி களிமண்ணுக்கு வருவோம். இந்த வேலைக்குப் பெரிதும் பயன்படுவது பெண்டோனைட். நம் நாட்டில் குஜராத்தின் கட்ச் பகுதியிலும் ராஜஸ்தானின் பார்மர் பகுதியிலும் அது வெட்டியெடுக்கப்படுகிறது. போர்வெல் தோண்டுவோருக்கும் வார்ப்புப் பட்டறைக்காரர்களுக்கும் பழக்கமான பொருள். அதன் முக்கியக் கனிமம் மாண்ட்மோரில்லோனைட். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் கட்டு அவிழ்ந்த பழைய ஓலைச்சுவடிபோல ஏடு ஏடாகத் தெரியும். ஒவ்வோர் ஏடும் ஏறத்தாழ 1 நானோமீட்டர் தடிமன்: நடுவில் அலுமினா அடுக்கு, அதன் இருபுறமும் சிலிக்கா அடுக்கு. நடு அடுக்கில் சில இடங்களில் மூன்று நேர்மின்னூட்டம் கொண்ட அலுமினியத்துக்குப் பதிலாக இரண்டே கொண்ட மெக்னீசியம் உட்கார்ந்திருப்பதால் ஏடு முழுவதும் எதிர்மின்னூட்டம் கொண்டிருக்கிறது. அதைச் சமன் செய்ய ஏடுகளுக்கு இடையே சோடியம், கால்சியம் போன்ற நேர்மின் அயனிகள் தங்குகின்றன. இவை நிலையாகப் பிணைக்கப்பட்டவை அல்ல என்பதால், வேறு நேர்மின் அயனி வந்தால் இடம் கொடுத்து வெளியேறிவிடும்.

இந்த அயனிப் பரிமாற்றத் திறன்தான் நமக்குக் கைகொடுப்பது. நல்ல மாண்ட்மோரில்லோனைட்டில் அது 100 கிராமுக்கு 80 முதல் 120 மில்லி சமானம் (வெள்ளி போன்ற ஒற்றை மின்னூட்ட அயனி என்றால் அத்தனை மில்லிமோல்). 90 என்று வைத்துக்கொண்டால், ஒரு கிராம் களிமண் 0.9 மில்லிமோல் வெள்ளி அயனியை ஏற்கும். வெள்ளியின் அணு நிறை 107.87 என்பதால் அது 97 மில்லிகிராம். வெள்ளி நைட்ரேட்டாக எடை போட்டால் 153 மில்லிகிராம். இதற்கு மேல் எவ்வளவு வெள்ளி சேர்த்தாலும் அது களிமண்ணைப் பற்றிக்கொள்ளாமல் கரைசலிலேயே நின்று, ஒடுக்கியைச் சேர்க்கும்போது தாங்கியில்லாத துகளாகத் திரளும். ஆகவே பரிமாற்றத் திறனை அளக்காமல் வெள்ளியின் அளவை முடிவு செய்வதில் பொருளில்லை. நான் பெரும்பாலும் அந்தத் திறனில் பத்தில் ஒரு பங்கிலிருந்து பாதி வரையே வெள்ளியை ஏற்றுவேன். மீதியுள்ள இடங்கள் ஏன் தேவை என்பதைப் பின்னால் சொல்கிறேன். கயோலினைட் என்ற வெள்ளைக் களிமண்ணிலும் இதைச் செய்யலாம். ஆனால் அதன் பரிமாற்றத் திறன் 3 முதல் 15 வரைதான், ஏடுகளும் விரிவதில்லை. குழல் வடிவிலான ஹாலோய்சைட் களிமண்ணில், துகள்களைக் குழலின் உட்புறத்தில் அடைக்கலாம் என்ற தனிச்சிறப்பு உண்டு.

வாங்கிய பெண்டோனைட்டை அப்படியே பயன்படுத்தக் கூடாது. அதில் குவார்ட்ஸ் மணல், சுண்ணாம்பு, இரும்பு ஆக்சைடு எல்லாம் கலந்திருக்கும். முதலில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் நீரில் கரைத்து, இரவு முழுவதும் கலக்கிவிட்டு, உயரமான கண்ணாடிக் கலத்தில் தெளியவிட வேண்டும். 2 மைக்ரோமீட்டர் அளவுள்ள துகள் 20 டிகிரி வெப்பத்தில் 10 செண்டிமீட்டர் இறங்க ஏறக்குறைய 8 மணி நேரம் ஆகும். நம் ஊரில் ஆய்வகம் 30 டிகிரியில் இருக்கும்போது நீரின் பிசுபிசுப்பு குறைவதால் அதற்கு 6 மணி நேரத்துக்குச் சற்றே மேல் போதும். அந்நேரம் கழித்து மேலேயுள்ள 10 செண்டிமீட்டரை மட்டும் உறிஞ்சி எடுத்தால் மணல் கீழே தங்கிவிடும். சுண்ணாம்பை நீர்த்த அசெட்டிக் அமிலத்தால் நீக்கலாம். இரும்பு ஆக்சைடு இருந்தால் களிமண் தொடக்கத்திலேயே பழுப்பாக இருக்கும், பின்னால் வரப்போகும் வெள்ளியின் நிறத்தோடு குழம்பும். ஆகவே அதையும் நீக்கிவிடுவது நல்லது.

அடுத்தது, எல்லாப் பரிமாற்ற இடங்களையும் சோடியத்தால் நிரப்புவது. ஒரு மோலார் உப்புக் கரைசலில் களிமண்ணைப் பல மணி நேரம் கலக்கி, மையவிலக்கியில் பிரித்து, இதையே இரண்டு மூன்று முறை செய்தால் போதும். ஆனால் அதன் பின் வரும் கழுவல்தான் இந்தத் தயாரிப்பு முழுவதிலும் பொறுமையை அதிகம் கேட்கும் கட்டம். களிமண்ணில் குளோரைடு மிச்சமிருந்தால், நாளை சேர்க்கப்போகும் வெள்ளி அயனி களிமண்ணுக்குள் போவதற்கு முன்பே வெள்ளி குளோரைடாக வீழ்படிந்துவிடும். எனவே ஒவ்வொரு கழுவலின் தெளிநீரிலும் சிறிது எடுத்து ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் விட்டுப் பார்க்கிறோம். முதல் கழுவல்களில் தயிர் திரிந்ததைப் போன்ற வெண்படிவு. பின்பு பால் கலந்த நீர். பின்பு மெல்லிய மங்கல். கடைசியில் கறுப்புத் தாளை வைத்துப் பார்த்தாலும் எதுவும் தெரியாத தெளிவு. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. உப்பு குறையக் குறையக் களிமண் ஏடுகள் ஒன்றையொன்று விலக்கத் தொடங்குவதால், முன்பு சில நிமிடங்களில் படிந்த களிமண் இப்போது எவ்வளவு சுழற்றினாலும் படிய மறுக்கும், தெளிநீரே மங்கலாக இருக்கும். அந்த மங்கலைக் குளோரைடு என்று எண்ணிவிடக் கூடாது. நீரும் அயனிகளும் மட்டும் கடக்கும் டயாலிசிஸ் பையில் களிமண்ணை இட்டு, வெளிநீரை மாற்றிக்கொண்டே வந்து, அந்த வெளிநீரைச் சோதிப்பது இதற்கு நல்ல வழி.

கழுவி உலர்த்திப் பொடித்த களிமண்ணை மீண்டும் காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, கணக்கிட்ட வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். கலத்தை அலுமினியத் தாளால் சுற்றி வைப்பது அவசியம், ஏனெனில் வெளிச்சம் பட்டால் வெள்ளி கட்டுப்பாடின்றி ஒடுங்கத் தொடங்கிவிடும். கையுறை போடாமல் இந்தக் கரைசலைத் தொட்டால் விரலில் விழும் கறுப்பு பல நாட்கள் போகாது. சில மணி நேரத்தில் பரிமாற்றம் முடிந்துவிடும். அதன் பிறகு ஒருமுறை கழுவிப் பரிமாறாத வெள்ளியை நீக்கிவிடுவது என் வழக்கம். கழுவிய நீரில் எவ்வளவு வெள்ளி வந்தது என்று அளந்தால், உள்ளே எவ்வளவு போனது என்பது தெரியும்.

ஒடுக்கும் கட்டம் சில நிமிட வேலை. சோடியம் போரோஹைட்ரைடை அப்போதைக்கப்போது, பனிக்கட்டி போல் குளிர்ந்த நீரில் கரைத்துக்கொள்ள வேண்டும். அறை வெப்பத்தில் வைத்திருந்தால் அது நீரோடு வினைபுரிந்து வீணாகிவிடும். களிமண் கலவையும் குளிர்ந்திருக்க, வேகமாகக் கலக்கிக்கொண்டே சொட்டாக விடும்போது, முதல் சொட்டு விழுந்த இடத்தில் ஒரு பழுப்பு வளையம் தோன்றிக் கலங்கி மறையும். அடுத்தடுத்த சொட்டுகளில் வெண்களிமண் முழுவதும் வைக்கோல் மஞ்சளாகி, பிறகு தேன் நிறமாகி, வெள்ளி அதிகமெனில் காப்பிக் கொட்டை நிறத்துக்குப் போகும். ஹைட்ரஜன் குமிழிகள் மேலே நுரை கட்டும். நெருப்புக்கு அருகில் இதைச் செய்யக் கூடாது என்பதை மாணவர்களுக்கு நான் முதலிலேயே சொல்லிவிடுவேன். மெதுவாகச் சொட்டினால் துகள்கள் பெரிதாக வளர்கின்றன, விரைவாகச் சேர்த்தால் ஒரே நேரத்தில் பல கருக்கள் உருவாகிச் சிறிதாக நிற்கின்றன; இந்தப் பொதுப் போக்கு களிமண்ணிலும் ஓரளவு பொருந்தும்.

நிறம் மாறிவிட்டது என்பதால் மட்டும் நானோ வெள்ளி உருவாகிவிட்டது என்று எழுதிவிட முடியாது. காரத்தன்மை மிகுந்த நீரில் வெள்ளி அயனி ஆக்சைடாக மாறினாலும் அதுவும் பழுப்பாகவே இருக்கும். உலோக வெள்ளித் துகள்கள் 400 நானோமீட்டரை ஒட்டி ஒளியை உட்கவர்வதை நிறமாலைமானியில் பார்த்தாக வேண்டும். அதிலும் களிமண் தன் பங்குக்கு ஒளியைச் சிதறடிப்பதால், உலர்ந்த பொடியை எதிரொளிப்பு முறையில் அளப்பதே நம்பகமானது.

தாவரச் சாறுகளைக் கொண்டு ஒடுக்கும் பசுமை முறை குறித்து இங்கே ஒரு வார்த்தை. வேப்பிலை, துளசி, தேயிலை என்று எந்தச் சாற்றிலும் உள்ள பாலிஃபீனால்கள் வெள்ளி அயனியை ஒடுக்கும் என்பது உண்மை. நச்சு வேதிப்பொருளைத் தவிர்க்கும் நோக்கமும் மதிக்கத்தக்கது. ஆனால் இலை பறித்த பருவம், மண், கொதிக்கவைத்த நேரம் ஆகியவற்றுக்கேற்பச் சாற்றின் கலவை மாறுகிறது, அதோடு துகளின் அளவும் மாறுகிறது. மேலும் அந்தச் சாறுகளில் பலவற்றுக்கே பாக்டீரியாவைத் தடுக்கும் தன்மை உண்டு. களிமண் மட்டும், களிமண்ணும் சாறும், களிமண்ணும் வெள்ளி அயனியும், இறுதிப் பொருள் என நான்கையும் அருகருகே வைத்துச் சோதிக்காமல், கொன்றது வெள்ளிதான் என்று சொல்ல எந்த ஆதாரமும் இருக்காது. சாற்றில் இயல்பாகவே குளோரைடும் இருக்கும். படிகங்களை அடையாளம் காட்டும் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு வரைபடத்தில் உலோக வெள்ளியின் முகடுகள் 38, 44, 64, 77 டிகிரிகளை ஒட்டி வரும். அவற்றோடு 28, 32, 46 டிகிரிகளிலும் முகடுகள் தெரிந்தால், அங்கே வெள்ளி குளோரைடு இருப்பதாகவே முதலில் சந்தேகிக்க வேண்டும். இம்முகடுகளைச் சாற்றின் கரிமப் பொருள் என்று கூறிக் கடந்துவிடும் பழக்கம் எனக்கு வருத்தம் தருகிறது.

அதே வரைபடம் இன்னொரு செய்தியையும் தருகிறது. 10 நானோமீட்டர் படிகமெனில் 38 டிகிரி முகட்டின் அகலம் ஏறக்குறைய 0.84 டிகிரி இருக்கும். முகடு கூர்மையாக இருந்தால் வெள்ளி எங்கோ பெருத்துவிட்டது என்று பொருள். தாழ்கோணப் பகுதியில் களிமண் ஏடுகளின் இடைவெளி தெரியும். சோடியம் களிமண்ணில் ஓர் ஏட்டின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கம் வரை ஏறத்தாழ 1.25 நானோமீட்டர்; அதில் ஏட்டின் தடிமன் 0.96 போக, எஞ்சும் சந்து 0.3 நானோமீட்டர் அளவே. அந்தச் சந்துக்குள் 10 நானோமீட்டர் துகள் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்வது கணக்குக்கு ஒவ்வாது. அயனியாக இருக்கும்போது வெள்ளி சந்துக்குள் இருந்தது உண்மை. ஒடுங்கும்போது அணுக்கள் நகர்ந்து ஏடுகளின் விளிம்புகளிலும் வெளிப்பரப்பிலும் திரள்கின்றன. சந்தில் தங்குவது மிகச் சிறு கொத்துகளாக இருந்தால்தான் உண்டு. ஊடுருவு எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஏட்டின் விளிம்புகளை ஒட்டிக் கரும்புள்ளிகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கும்போது இது கண்ணுக்கே தெரிகிறது.

இப்போது, ஏன் ஒடுக்க வேண்டும் என்ற கேள்வியைக் கேட்கலாம். வெள்ளி அயனி ஏறிய களிமண்ணே, ஒடுக்காமலேயே, பாக்டீரியாவை நன்றாகக் கொல்லும். ஆனால் குடிநீரில் சோடியமும் கால்சியமும் எப்போதும் இருப்பதால், அந்த நீரில் இட்டவுடன் அவை வெள்ளியை வெளியே தள்ளிவிடுகின்றன. முதல் சில லிட்டர்களில் வெள்ளி அளவுக்கு மீறி வரும், பிறகு வற்றிவிடும். உலோகத் துகளாக மாற்றினால் ஆக்சிஜன் அரிக்கும் வேகத்தில் மட்டுமே அயனி பிறக்கிறது. அப்படிப் பிறந்த அயனியில் ஒரு பகுதியை அருகிலுள்ள பரிமாற்ற இடங்கள் பிடித்து வைத்து, நீரில் வெள்ளி குறையும்போது திருப்பிக் கொடுக்கின்றன. எல்லா இடத்தையும் வெள்ளியாலேயே நிரப்பாமல் மிச்சம் வைப்பது இதற்காகத்தான். சிலிக்காவோ கரியோ தாங்கியாக இருந்தால் இந்த இரண்டாம் கையிருப்பு இந்த அளவுக்குக் கிடைக்காது. தாங்கியின் மதிப்பு இங்கே முழுமையாகத் தெரிகிறது.

சோதனைக் கட்டத்தில்தான் நம் ஆய்வகங்களில் அவசரம் அதிகம். வழக்கமாகச் செய்வது வட்டத்தாள் பரவல் முறை: முல்லர்-ஹின்டன் அகார் என்ற வளர்ப்புக் கூழ் ஊற்றிய தட்டில், மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 1.5 × 10⁸ செல்கள் கொண்ட பாக்டீரியாக் கலவையைப் பஞ்சால் தேய்த்து, பொருள் ஏற்றிய 6 மில்லிமீட்டர் வட்டத்தாளை வைத்து, இரவு முழுவதும் வளரவிட்டு, தாளைச் சுற்றி வளர்ச்சியற்ற வளையத்தை அளப்பது. மருந்துக்காக உருவான முறை இது. மருந்து மூலக்கூறு அகாரில் தானே பரவிச் செல்லும். களிமண்ணில் ஒட்டிய துகள் பரவாது, அதிலிருந்து வெளியேறும் அயனி மட்டுமே பரவும், அதையும் அகாரில் உள்ள குளோரைடும் புரதங்களும் வழியிலேயே பிடித்துக்கொள்ளும். ஆகவே நன்றாகப் பிடித்து வைக்கப்பட்ட, மெதுவாக அயனி விடும் பொருள் சிறிய வளையத்தையே காட்டும். கழுவாமல் விட்ட வெள்ளி நைட்ரேட் மிச்சமுள்ள பொருள் பெரிய வளையத்தைக் காட்டும். வளையத்தின் அளவை வைத்துப் பொருள்களைத் தரவரிசைப்படுத்தினால், மோசமான தயாரிப்புக்கு முதலிடம் கிடைத்துவிடும் ஆபத்து இருக்கிறது.

இதைவிட உழைப்பு கேட்டாலும் உயிர்ச்செல் எண்ணிக்கை முறையே நேர்மையானது. பாக்டீரியாக் கலவையில் குறித்த அளவு பொருளை இட்டு, குறித்த இடைவெளிகளில் மாதிரி எடுத்து, நீர்க்கச் செய்து, தட்டில் பரப்பி, மறுநாள் வளர்ந்திருக்கும் பாக்டீரியாக் கூட்டங்களை எண்ண வேண்டும். களிமண்ணே நீரை மங்கலாக்குவதால், மங்கலைக் கொண்டு வளர்ச்சியை மதிப்பிடும் கருவிகள் இங்கே உதவாது. மாதிரி எடுத்த உடனே சோடியம் தயோசல்ஃபேட், தயோகிளைகோலேட் போன்றவற்றைச் சேர்த்து வெள்ளியை முடக்குவது இன்னொரு கட்டாயம். இல்லையேல் பாக்டீரியா கலத்தில் சாகாமல், தட்டுக்கு வந்த பின் மிச்ச வெள்ளியால் தடுக்கப்பட்டிருந்தாலும் கலத்திலேயே செத்ததாக எண்ணிவிடுவோம். வெறும் களிமண்ணை மட்டும் இட்ட கலமும் இருக்க வேண்டும். களிமண் பாக்டீரியாவைத் தன்மீது ஒட்டவைத்துக்கொண்டு படிந்துவிடுவதால், ஒன்றும் சாகாமலேயே மேல்நீரில் எண்ணிக்கை குறையக்கூடும். இத்தனைக்கும் பிறகு மூன்று பதின்மடி குறைவு, அதாவது ஆயிரத்தில் 999 செல்கள் இறந்தது உறுதியானால், அது நம்பத்தக்க முடிவு. பெரும்பாலான சோதனைகளில் ஈ. கோலையைவிடத் தடித்த செல் சுவருள்ள ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா சற்றே தாக்குப்பிடிக்கிறது.

ஆய்வகத்தின் தூய நீரில் கிடைத்த முடிவு ஊர்க் கிணற்று நீரில் அப்படியே நிற்காது. நம் குடிநீர்த் தரக்குறிப்பு குளோரைடுக்கு லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கிறது. அந்த அளவு குளோரைடு உள்ள நீரில், கரைதிறன் கணக்குப்படி, தனித்த வெள்ளி அயனி லிட்டருக்குச் சில மைக்ரோகிராமுக்கு மேல் நிற்காது. மீதி வெள்ளி குளோரைடாகப் படியும், அல்லது குளோரைடோடு இணைந்த நிலையில் கரைந்திருக்கும். மீஞ்சூர் போலக் கடல்நீர் உட்புகுந்த பகுதிகளின் நிலத்தடி நீரில் நிலைமை இன்னும் கடினம். துகள்களின் மேற்பரப்பிலேயே குளோரைடு படலம் படர்ந்து, அயனி வெளியேறுவதைத் தடுக்கவும் கூடும்.

களிமண்ணும் வெள்ளியும் சேர்ந்து மக்கள் கையில் ஏற்கெனவே இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். குவாத்தமாலாவில் 1981-இல் ஃபெர்னாண்டோ மசாரியேகோஸ் வடிவமைத்த சுட்ட களிமண் வடிகலம், மரத்தூளோ உமியோ கலந்த களிமண்ணைச் சுட்டுத் துளைகள் உண்டாக்கி, அதன் மீது கூழ்ம வெள்ளியை, அதாவது நீரில் மிதக்கும் நுண்ணிய வெள்ளித் துகள்களை, பூசிச் செய்யப்படுவது. மணிக்கு ஓரிரு லிட்டர் நீரை மெல்லச் சொட்டும். பின்னாளில் 'பாட்டர்ஸ் ஃபார் பீஸ்' அமைப்பு குயவர்களுக்குக் கற்பித்துப் பல நாடுகளுக்கு இதைக் கொண்டுசென்றது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் தலப்பில் பிரதீப்பின் குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வு, களிமண் அல்லாத ஆனால் அதன் உறவுக்காரப் பொருளான அலுமினியம் ஆக்சிஹைட்ராக்சைடையும், இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறும் கைட்டோசானையும் சேர்த்த மணிகளில் வெள்ளி நானோ துகள்களைப் பொதித்தது. குடிநீரில் அது வெளியிட்ட வெள்ளி லிட்டருக்கு ஏறத்தாழ 40 மைக்ரோகிராம் அளவில் நீண்ட காலம் நிலையாக நின்றது. உலகச் சுகாதார நிறுவனமும் இந்தியத் தரக்குறிப்பும் சொல்லும் எல்லை லிட்டருக்கு 0.1 மில்லிகிராம், அதாவது 100 மைக்ரோகிராம். கொல்லவும் போதும், குடிப்பவருக்கும் தீங்கில்லை என்ற அந்த இடைவெளியில் வெளியீட்டை நிறுத்திக் காட்டியதே அந்த வேலையின் சிறப்பு என்று நான் கருதுகிறேன்.

செம்பு, துத்தநாக ஆக்சைடு ஆகியவற்றையும் களிமண்ணில் ஏற்றலாம், விலையும் குறைவு. செம்பு களிமண்ணுக்குள் எளிதில் பரிமாறுகிறது. ஆனால் உலோகமாக ஒடுங்கிய பின் காற்றுப் பட்டால் சீக்கிரமே ஆக்சைடாகிவிடுவதால், நைட்ரஜன் சூழலில் தயாரித்து உலர்த்த வேண்டியிருக்கிறது. கொல்லத் தேவைப்படும் அளவும் வெள்ளியைவிட அதிகம்.

மருத்துவத்துக்கு வெளியே வெள்ளியைக் கண்டபடி பரப்புவதில் எனக்குத் தயக்கம் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், வெள்ளி நைட்ரேட்டால் தீப்புண்ணுக்கு மருத்துவம் செய்துவந்த ஒரு பிரிவில், வெள்ளிக்கு அடங்காத சால்மோனெல்லா பாக்டீரியா பரவிய செய்தி 1975-இலேயே வெளிவந்தது. அந்த எதிர்ப்பைத் தரும் மரபணுக்கள் பிளாஸ்மிடு என்ற தனி டிஎன்ஏ வளையத்தில் இருப்பதும், அவை வெள்ளி அயனியைச் செல்லுக்கு வெளியே இறைத்துக் கொட்டும் புரதங்களை உருவாக்குவதும் 1999-இல் விளக்கப்பட்டன. பிளாஸ்மிடு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது. துணி, சுவர்ப்பூச்சு, பொம்மை என்று எல்லாவற்றிலும் கொல்லும் அளவுக்குக் கீழான வெள்ளி கசிந்துகொண்டிருந்தால், இத்தகைய பாக்டீரியாக்கள் தேர்ந்தெடுக்கப்பட வாய்ப்பு பெருகும். குடிநீர் வடிகலம், காயக்கட்டு போன்ற தேவையுள்ள இடங்களுக்கு இதை ஒதுக்கி வைப்பதே சரி.

பயன்பட்டுத் தீர்ந்த களிமண்ணைக் கழுவுதொட்டியில் கொட்டுவதும் கூடாது. கழிவுநீர் நிலையங்களில் கழிவை மக்கவைக்கும் பாக்டீரியாக்களுக்கும் வெள்ளி தீங்குதான். நச்சுப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹுட்டுக்குள் வைத்து நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் மெல்லச் சூடாக்கினால் வெள்ளி கரைசலுக்கு வந்துவிடும். களிமண்ணை வடிகட்டிவிட்டு அந்தக் கரைசலில் உப்பு நீரை ஊற்றினால் வெள்ளி குளோரைடாக முழுவதும் வீழ்படியும். அதைக் கழுவி, பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் சேர்த்து வைத்து, போதிய அளவு சேர்ந்ததும் மீண்டும் வெள்ளியாக்கிக் கொள்கிறோம்.